மலைக்கு ஒரு நாட் பயணம்

மலையைக் காணும் ஆவல் மாந்தர்க்கு இயல்பாக அமைந்தது. சமவெளியில் உழுது விதைத்து வாழ்பவனும் மாலைப்பொழுதில் வரப்பின்மீது நின்று தொலைவில் நீலநிறமாய்த் தோன்றும் மலையைச் சற்றே நோக்கிய பின்னரே வீடு திரும்புகிறான். பண்டைத் தமிழர் நிலத்தை வகுத்தபோது மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குத் தனிச் சிறப்பளித்தனர். தருமபுரி மாவட்டத்தார்க்கோ மலை புதிதன்று. சித்தேரி மலையும் வத்தல்மலையும் அவர்கள் நாள்தோறும் காணும் சுற்றத்தார் போன்றவை. சேர்வராயன் மலைத்தொடர் அம்மாவட்டத்தின் தென்னெல்லையில் மதில்போல் நிற்கிறது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பது. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான்; உண்டாரை நெடுநாள் வாழச் செய்யும் அக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தான். மலையின் பயன் ஏறவல்லார்க்கு மட்டும் உரியதன்று, ஏறமாட்டாதார்க்கும் சென்று சேர்தல் வேண்டும் என்னும் கருத்து இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது. முதியோரும் சிறாரும் வலிமை குன்றியோரும் மலையுச்சியைக் காண வழி செய்தது பிற்காலத்து மலை இருப்புப்பாதை. அதனையும் ஒருவகையில் ஏறமாட்டாதார்க்கு வாய்த்த நெல்லிக்கனி எனலாம்.

ஆயினும், புகைவண்டி மலையேறுவது எளிய செயலன்று. வழவழப்பான இருப்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தின்மீது உருள்வதாலேயே வண்டி விரைந்து ஓடுகிறது. சமவெளியில் நன்மை பயக்கும் அவ்வழவழப்பே செங்குத்தான ஏற்றத்தில் தீமையாய் முடியும்; சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டியோ பின்னோக்கி வழுக்கும். இவ்விடர்ப்பாட்டை நீக்க அறிஞர் கண்ட வழி பற்சக்கர முறையாகும். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் உடைய மூன்றாம் தண்டு ஒன்றைப் பதிப்பர். எஞ்சினின் அடியில் அமைந்த பற்சக்கரம் அத்தண்டின் பற்களைக் கவ்விப் பிடித்து, ஏணிப்படிகளில் கால் வைத்து ஏறுவான் போல, ஒவ்வொரு பல்லாக ஏறிச் செல்லும்.

இம்முறையில் ஐரோப்பாவின் முதல் மலை இருப்புப்பாதை 1871-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் இரிகி என்னும் மலையில் திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர் நிக்கலாசு இரிக்கன்பாக்கு என்னும் பொறியாளர். அதன்பின் அந்நாட்டில் மலைதோறும் இருப்புப்பாதைகள் எழுந்தன. 1889-இல் திறக்கப்பட்ட பிலாட்டசு மலைப்பாதை 100 மீட்டர் நீளத்துக்கு 48 மீட்டர் உயரும் கடுமையான ஏற்றத்தை உடையது. பதினாறு ஆண்டு உழைப்பின் பயனாய் 1912-இல் நிறைவெய்திய யுங்பிராவ் பாதையோ மலையைக் குடைந்து சென்று, 3,454 மீட்டர் உயரத்தில் பனிப்பாறைகளின் நடுவே பயணிகளை இறக்கிவிடுகிறது. ஐரோப்பாக் கண்டத்தின் மிக உயரமான இரயில் நிலையம் அதுவே.

சுவிட்சர்லாந்து பரப்பில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கினும் சிறியது. அச்சிறு நாட்டுக்கு மலை காணச் செல்லும் அயல்நாட்டார்க்கென ஓர் அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. 3, 4, 6, 8, 15 நாள்கள் என அதன் காலம் வகுக்கப்பட்டுள்ளது. அச்சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் அந்நாட்களில் இரயில், பேருந்து, ஏரிகளில் செல்லும் கப்பல் ஆகியவற்றில் வேறு சீட்டு வாங்காமலே செல்லலாம். மலைப்பாதைகளில் சில அச்சீட்டுக்குள் அடங்கும். பலவற்றில் பாதிக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். யுங்பிராவ் போன்ற மிக உயர்ந்த இடத்துக்குத் தள்ளுபடி அதனினும் குறைவு. ஆதலின், சீட்டு வாங்குமுன் செல்லக் கருதும் இடங்களை எழுதி, தனித்தனிச் சீட்டுகளுக்கு ஆகும் தொகையைக் கூட்டி, அனுமதிச் சீட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் அறிவுடையார் செயல். ஓரிடத்திலேயே தங்கியிருப்பவர்க்கு அது நட்டம்; நாள்தோறும் ஊர் மாறிச் செல்பவர்க்கு அது ஆதாயம்.

ஒரு நாட் பயணத்தை அங்குள்ளார் திட்டமிடும் வகையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இலூசெர்ன் என்னும் நகரில் தங்கியிருப்பவர் காலையில் கப்பலேறி ஏரியின் வழியாக விட்சுனாவ் என்னும் கரையூரை அடைகிறார். கப்பல் துறைக்கு எதிரிலேயே பற்சக்கர இரயில் காத்திருக்கிறது. அதில் ஏறி 1,797 மீட்டர் உயரமுள்ள இரிகி முடியை அடைகிறார். அங்கு உலவிக் களித்தபின், வந்த வழியே மீளாமல், மலையின் மறுபுறமாகக் கோல்டாவ் என்னும் ஊருக்கு இறங்கும் வேறோர் இரயிலில் ஏறுகிறார். அங்கிருந்து பெருவழி இரயிலில் இலூசெர்ன் திரும்புகிறார். கப்பல், ஏறும் இரயில், இறங்கும் இரயில், பெருவழி இரயில் ஆகிய நான்குக்கும் அவர் கையிலுள்ள ஒரே சீட்டுப் போதும்.

இஃது இயல்வது எவ்வாறு? ஓர் ஊர்தி வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ப மற்றோர் ஊர்தி புறப்படும் வகையில் அந்நாட்டார் கால அட்டவணையை அமைத்துள்ளனர். 1982-ஆம் ஆண்டு முதல் அங்கே இரயில்கள் மணிதோறும் குறித்த அதே நிமிடத்தில் புறப்படும் முறை நாடெங்கும் நடைபெறுகிறது. எட்டு மணி நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி உண்டெனில் ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கும் பத்து மணி நான்கு நிமிடத்துக்கும் உண்டு. ஒன்றைத் தவறவிட்டவர் அடுத்ததற்குக் காத்திருந்தால் போதும். ஆங்குச் சிறு தவறு பெருந்துன்பம் ஆவதில்லை.

வானிலையையும் அங்குள்ளார் திட்டத்தில் சேர்த்துக்கொள்வர். மலைமுடியை மேகம் மூடியிருப்பின் மேலே சென்றும் காண்பது வெண்புகை ஒன்றே. ஆதலின், நான்கு நாட் பயணத்தில் இன்ன நாளில் இன்ன மலை என்று முன்னரே உறுதி செய்யாமல், தெளிந்த நாள் எதுவோ அதனை மலைக்கு ஒதுக்கி, மழை நாளை அருங்காட்சியகத்துக்கும் நகர்வலத்துக்கும் விட்டுவைப்பர். கீழே திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முதலில் அறிந்து, அதன்பின்னரே ஏறும் வண்டியைத் தேர்ந்தெடுப்பர்.

இனி, இரிகி மலைக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. நீலகிரிக்கு இருப்புப்பாதை அமைக்கும் எண்ணம் எழுந்தபோது, 1882-இல் அதற்கு வரைவும் மதிப்பீடும் தந்தவர் இரிகிப் பாதையை அமைத்த அதே இரிக்கன்பாக்கு ஆவார். அவருடைய திட்டம் அவ்வாறே நிறைவேறவில்லை. அவரிடம் பணியாற்றிய உரோமன் ஆப்ட் என்னும் மற்றொரு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்ட முறையே பின்னர்க் கைக்கொள்ளப்பட்டது. அம்முறையில் பற்கள் உடைய தண்டுகள் இரண்டு அருகருகே அமையும். ஒன்றின் பல் இருக்குமிடத்துக்கு நேரே மற்றொன்றில் இடைவெளி இருக்கும். ஆதலின் எந்நொடியிலும் ஒரு பல்லேனும் சக்கரத்தின் பிடியில் இருக்கும். வண்டி குலுங்காமல் ஏறும்.

1891-இல் வேலை தொடங்கிற்று. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டி ஓடிற்று. 1908-இல் பாதை உதகமண்டலத்தை எட்டிற்று. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 16 சுரங்கங்களும், 200-க்கு மேற்பட்ட வளைவுகளும், ஏறத்தாழ 250 பாலங்களும் உள்ளன. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பகுதியில் பற்சக்கரம் பயன்படுகிறது. ஆங்கு ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் பாதை உயர்கிறது. அவ்வேற்றத்தில் எஞ்சின் வண்டியின் முன்னே நின்று இழுப்பதில்லை. கீழ்ப்புறத்தில் நின்று மேல்நோக்கித் தள்ளுகிறது. பெட்டிகளை இணைக்கும் கொக்கி ஒருவேளை அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருளாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பெட்டிதோறும் தடை பிடிக்கும் பணியாளர் ஒருவர் நின்று, ஊதல் ஒலி கேட்டவுடன் தம் தடையை இயக்குகிறார். அப்பாதைக்கெனச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் எஞ்சின்கள் செய்யப்பட்டன. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைப் பணிமனையிலும் அவை உருவாயின. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெசுகோ நிறுவனம் இப்பாதையைச் சேர்த்தது.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் தம் மாணவர் முப்பதின்மரை இம்மலைக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறார் என்று கொள்க. மணிதோறும் வண்டி என்னும் வாய்ப்பு ஈண்டு இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு ஏறும் நாள் வண்டி ஒன்றே. அது காலை 7 மணி 10 நிமிடத்துக்குப் புறப்படுகிறது. அதனைத் தவறவிட்டவர்க்கு அன்று வேறு வண்டி இல்லை. சிறாரின் பெற்றோர் கேழ்வரகும் கரும்பும் விளைவிப்போராகவும் நாட்கூலி பெறுவோராகவும் இருப்பர். அவர்கள் தந்த பணம் பல நாள் உழைப்பின் சேமிப்பு. ஆசிரியரின் கணக்கு ஒரு நாழிகை பிழைத்தால் அச்சேமிப்பு வீணாகும். முப்பது சிறாரின் முகங்களும் வாடும். ஆகவே, திட்டமிடுதல் அவர்க்குப் பொழுதுபோக்கன்று, கடமை.

கடமை உணர்ந்த ஆசிரியர் கணக்கை முடிவிலிருந்து தொடங்குவார். மலை வண்டி காலை ஏழே காலுக்கு முன் புறப்படுமெனில், விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இருத்தல் வேண்டும். சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு இரயில் அவ்வாறே விடியலில் அங்குச் சென்று சேர்கிறது. அது நள்ளிரவுக்குப் பின் சேலத்தைக் கடக்கிறது. ஆதலின், முன்னாள் இரவே சேலம் சந்திப்பை அடைதல் வேண்டும். மொரப்பூர், பொம்மிடி ஆகிய ஊரார் சென்னைப் பெருவழியில் செல்லும் வண்டிகளில் சேலம் செல்லலாம். தருமபுரி, பாலக்கோடு ஆகிய ஊரார் ஓமலூர் வழியாகச் செல்லும் வண்டியிலோ பேருந்திலோ செல்லலாம். இவ்வாறு கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டிக்குப் பின்னோக்கி எண்ணினால், வீட்டிலிருந்து புறப்படவேண்டிய நேரம் தானே கிடைக்கும்.

அடுத்து எழும் வினா, எவ்வளவு தொலைவு செல்வது என்பது. உதகமண்டலம் வரை சென்றால் நண்பகலில் சேரலாம். திரும்பும் வண்டியோ பிற்பகல் 2 மணிக்குப் புறப்படுகிறது. நடுவே இருப்பது இரண்டு மணி நேரமே. உணவருந்தவும் ஒரு சிறு உலா செல்லவுமே அது போதும். குன்னூரிலேயே இறங்கிவிட்டால் பத்தரை மணியளவில் மலைக்காற்றை நுகரலாம். திரும்பும் வண்டி மூன்று மணிக்குப் பின்னரே குன்னூருக்கு வரும். நான்கு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். 1874-இல் அமைக்கப்பட்ட சிம்சு பூங்காவைக் கண்டு, மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு, அமைதியாகத் திரும்பலாம். பற்சக்கரம் இயங்கும் பகுதி முழுவதும் குன்னூருக்குக் கீழேயே அமைந்திருத்தலின், காணவேண்டிய பொறியியல் வியப்பு எதுவும் விடுபடுவதில்லை. குறைந்த தொலைவு சென்றவர்க்கு மலை மிகுதியாகக் கிடைக்கிறது. எல்லாவற்றையும் காணவேண்டும் என்னும் ஆசை பலரை எதனையும் காணாதவராய் ஆக்கிவிடும்.

மலையிலிருந்து இறங்கும் வண்டி மாலை ஐந்தரை மணியளவில் மேட்டுப்பாளையம் சேரும். இரவு ஒன்பது மணியை ஒட்டிச் சென்னைக்கு மீளும் விரைவு இரயிலில் ஏறினால் நள்ளிரவு கடந்து சேலத்தை அடையலாம். நடுவே உள்ள மூன்று மணி நேரம் வீண் என்று சிலர் கருதுவர். அவ்வாறன்று. மலையில் ஏதேனும் காலத்தாழ்வு நேரின் அதனை ஈடுசெய்யும் காப்பு அந்நேரமே. நேரங்கள் காலந்தோறும் மாறுதற்குரியவை ஆதலின், புறப்படுமுன் இரயில்வே வெளியிடும் அட்டவணையைப் பார்த்து உறுதி செய்தல் இன்றியமையாதது.

பணக் கணக்கும் உண்டு. சிற்றூர் அரசுப் பள்ளி மாணவர் ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலா செல்லுங்கால், இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 பங்கு சலுகையை இந்திய இரயில்வே அளிக்கிறது. உரிய சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் முன்னரே பெறுதல் வேண்டும். பல ஊர்களைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே மீள விரும்புவோர்க்குச் சுற்றுப்பயணச் சீட்டு என்னும் ஒன்றும் உண்டு. அச்சீட்டில் எட்டு இடங்கள் வரை இடையே இறங்கிச் செல்லலாம். சுவிட்சர்லாந்தின் அனுமதிச் சீட்டைப் போன்று எல்லா ஊர்திக்கும் பொதுவானது அன்றெனினும், அறிந்து பயன்படுத்துவார்க்கு அது பெருந்துணை. மலை வண்டியில் இடங்கள் சிலவே ஆதலின் பல நாட்களுக்கு முன்னரே முன்பதிவு செய்தல் வேண்டும்.

மலையின் இயல்பை அறிதலும் திட்டத்தின் ஒரு பகுதியே. கடல்மட்டத்திலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு பாகைக்குச் சற்று மேலாகக் குறையும் என்பது பொது விதி. ஆகவே, கீழே வியர்த்து நிற்கும் சிறுவன் மேலே பன்னிரண்டு பாகை குறைந்த குளிரில் நடுங்குவான். கம்பளி ஆடை இல்லாத மாணவர் எவரெவர் என்பதை முன்னரே அறிந்து, அவர்க்கு ஓர் ஆடையை இரவல் பெற்றுத் தருதல் ஆசிரியரின் கடன். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெருமழையால் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவதும் உண்டு. அக்காலத்தைத் தவிர்த்தல் நன்று. தவிர்க்க இயலாதவிடத்து, பேருந்தில் செல்லும் இரண்டாம் திட்டம் ஒன்று கையில் இருத்தல் வேண்டும்.

நீலகிரிக்குச் செல்ல இயலாதார் வருந்த வேண்டுவதில்லை. தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு மலைவழிப் பயணம் உண்டு. ஓமலூரிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் வண்டி முத்தம்பட்டிக்கும் சிவாடிக்கும் நடுவே காடும் பாறையும் செறிந்த கணவாயில் வளைந்து வளைந்து ஏறுகிறது. அங்குப் பற்சக்கரம் இல்லை, ஏற்றம் மெல்லியது. ஆயினும் மலையின் வலிமை சிறிதன்று. 2021 நவம்பர் 12-ஆம் நாள் விடியுமுன், பெருமழையால் சரிந்த பாறைகள் அவ்விடத்தில் ஒரு விரைவு இரயிலின்மீது விழுந்தன. பெட்டிகள் சில தடம் புரண்டன. நற்பேறாக உயிர்ச்சேதம் நேரவில்லை. மழையிலும் இருளிலும் விளக்கேந்தித் தண்டவாளத்தின்மீது நடந்து காவல் புரியும் பணியாளரை அவ்வழியே செல்வோர் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

தருமபுரி இழந்த பாதை ஒன்றும் உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. பஞ்சம் தாக்கும் பகுதிக்குத் தானியம் விரைந்து சேரவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1913-இல் அஃது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில், 1941-இல், அது மூடப்பட்டது. விடுதலைக்குப் பின்னரே சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் புதிய பாதையால் தருமபுரி மீண்டும் இரயிலைக் கண்டது. மொரப்பூர்ப் பாதையை மீண்டும் அமைக்கும் திட்டத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு பாதை மூடப்படும்போது மறைவது இரும்பு மட்டுமன்று. சந்தைக்குச் செல்லும் உழவனுக்கும், மருத்துவரை நாடும் தாய்க்கும், கல்வி தேடும் சிறுவனுக்கும் உலகம் அத்துணைத் தொலைவு விலகிப்போகிறது. இரயில் என்பது ஓர் ஊருக்கு உலகம் நீட்டும் கை போன்றது.

சுவிட்சர்லாந்துச் சிறுவன் ஒரு சீட்டைக் கொண்டு காலையில் ஏரியையும் நண்பகலில் மலைமுடியையும் கண்டு மாலையில் வீடு திரும்புகிறான். தருமபுரிச் சிறுவனும் அவ்வாறே செல்ல வல்லவன். அவனுக்கு வேண்டுவன மூன்று: கால அட்டவணையைப் படிக்கும் அறிவு, இருப்பதைக் கொண்டு திட்டமிடும் பொறுமை, உடன் வருவோருள் எளியவனை விட்டுச்செல்லாத உள்ளம். முதல் இரண்டும் பயணத்தை வெற்றியாக்கும். மூன்றாவது அதனை அறமாக்கும். கனியைப் பெற்றதனால் மட்டும் அதியமான் புகழ் பெற்றிலன், கொடுத்ததனாலேயே பெற்றான். மலையைக் கண்டு மீண்டவர் காணாதவர்க்கு வழி சொல்லுதலும் அத்தகைய கொடையே.